‘செக்’ என்ற சொல்: பொருளும் பிறப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைப்பது செக். பேங்கில் கிழித்துக் கொடுப்பது செக். கட்டம் போட்ட சட்டையும் செக். பஸ்ஸில் திடீரென்று ஏறி டிக்கெட் கேட்டால் செக்கிங். ஓடையின் குறுக்கே செக் டேம், சைக்கிள் அச்சில் செக் நட், ஆஸ்பத்திரியில் செக்கப், ஊர் எல்லையில் செக்போஸ்ட். ஆங்கிலம் படிக்காதவரும் நாளைக்கு நாலு தடவை சொல்லும் சொல் இது. இதைப் பற்றி மாணவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்குப் பதில்கள் இங்கே.

இவை எல்லாம் ஒரே சொல்லா, அல்லது ஒலி மட்டும் ஒன்றா?

ஒரே சொல்தான். எல்லாவற்றுக்கும் வேர், பாரசீகத்தில் அரசனைக் குறிக்கும் ‘ஷா’. ஷாஜகான், நாதிர் ஷா, பாதுஷா என்று நமக்குப் பழகிய அதே ஷா. அவர் ஆங்கிலத்துக்குள் இரண்டு வாசல் வழியாக நுழைந்தார். ராஜாவுக்கு வரும் ஆபத்து ஒரு வாசல்: தாக்கு, தடு, அடக்கு, சரிபார் என்ற பொருள்கள் அந்த வழியில் வந்தவை. ராஜா நிற்கும் பலகை இன்னொரு வாசல்: கட்டம், கட்டம் போட்ட துணி, கணக்கு மேசை, அரசுக் கருவூலம் ஆகியவை அந்த வழி. இரண்டும் சந்திக்கும் இடம் பேங்க் செக். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

செக் குடியரசுக்கும் எண்ணெய் ஆட்டும் செக்குக்கும் இதில் பங்கில்லை. அவை கடைசியில்.

பாரசீக ராஜா இங்கிலாந்துக்கு எப்படிப் போனார்?

சதுரங்கத்தோடு போனார். இந்தியாவின் ‘சதுரங்க’ பாரசீகத்தில் ‘சத்ரங்’ ஆனது. 7ஆம் நூற்றாண்டில் பாரசீகம் அரபுகள் கைக்கு வந்தபின் ‘ஷத்ரன்ஜ்’ ஆனது. அங்கிருந்து ஸ்பெயின், இத்தாலி வழியாக ஐரோப்பாவில் பரவியது.

ஆட்டத்தின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டவர்கள் ஸ்பானியர்கள்; அவர்கள் இன்றும் ‘அஹெத்ரேஸ்’ என்கிறார்கள். உற்றுக் கேட்டால் ஷத்ரன்ஜ் காதில் விழும். மற்றவர்களில் பெரும்பாலானோர் ஆட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, ஆட்டத்தில் அடிக்கடி கேட்ட கூவலைப் பிடித்துக்கொண்டார்கள். எதிரியின் ராஜா தாக்குதலில் இருக்கும்போது ‘ஷா!’ என்று எச்சரிப்பது வழக்கம். அது நடுக்கால லத்தீனில் ‘ஸ்காக்குஸ்’, பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’. முன்னால் இருந்த ‘எஸ்’ உதிர்ந்து, 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘செக்’.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: பழைய பிரெஞ்சில் எஸ்செக்கின் பன்மை ‘எஸ்செஸ்’. அதிலிருந்து வந்ததுதான் ‘செஸ்’. அதாவது செஸ் என்றாலே ‘செக்குகள்’ என்றுதான் பொருள். ஜெர்மன் ‘ஷாக்’, இத்தாலிய ‘ஸ்காக்கி’, ரஷ்ய ‘ஷாக்மத்தி’ எல்லாம் அதே ராஜாவின் பெயரில் நடக்கும் ஆட்டங்கள்.

இந்திக்காரர்கள் ‘ஷஹ்’ என்கிறார்களே?

அதே சொல், குறுக்கு வழியில் வந்தது. பாரசீகத்திலிருந்து இந்திக்கும் உருதுவுக்கும் நேராக இறங்கியது ‘ஷஹ்’. தமிழுக்கு வந்த ‘செக்’ அரேபியா, பிரான்ஸ், இங்கிலாந்து என்று சுற்றிவிட்டு வந்தது. டெல்லியில் ‘ஷஹ் அவுர் மாத்’ என்று தலைப்புப் போடும் அதே செய்திக்குச் சென்னைப் பத்திரிகை ‘செக் வைத்த தலைவர்’ என்று போடும்.

‘செக்மேட்’ என்றால் ‘ராஜா இறந்தார்’ என்பது சரியா?

பாதி சரி. மூலம் ‘ஷா மாத்’. அரபியில் ‘மாத’ என்றால் இறந்தான். அதனால் ‘ராஜா செத்தார்’ என்ற விளக்கம் பழைய அகராதிகளிலும் உண்டு. ஆனால் ஆட்டமும் ‘ஷா மாத்’ என்ற சொற்றொடரும் அரபிக்கு முன்பே பாரசீகத்தில் இருந்தவை. பாரசீகத்தில் ‘மாத்’ என்றால் வழியற்றுத் திகைத்து நிற்பவன். ஆட்டத்தின் விதியும் இதைத்தான் சொல்கிறது: சதுரங்கத்தில் ராஜா ஒருபோதும் வெட்டப்படுவதில்லை. தப்ப இடமில்லை என்றானதும் ஆட்டம் நின்றுவிடும். ‘ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை’ என்பதே பொருத்தமான மொழிபெயர்ப்பு.

நண்பனைக் குறிக்கும் ஆங்கில ‘மேட்’டுக்கும் இதற்கும் உறவில்லை.

ஆட்டத்தில் ‘செக்’ என்று வாயால் சொல்ல வேண்டுமா?

வேண்டியதில்லை. வீட்டுத் திண்ணையில் அது மரியாதை. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளில் அப்படிக் கட்டாயம் இல்லை. போட்டியில் சத்தமாகச் சொன்னால் எதிராளிக்குத் தொந்தரவு என்று நடுவர் நினைக்கவும் இடமுண்டு. செக்கைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்தினால் அது விதிமீறிய நகர்த்தல். வழக்கமான நேர அளவுப் போட்டியில் முதல் தடவை எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், இரண்டாம் தடவை பொதுவாக ஆட்டம் போகும்.

செக்கிலிருந்து மீள மூன்றே வழி: ராஜாவை நகர்த்துவது, இடையில் ஒரு காயை வைத்து மறைப்பது, தாக்கும் காயை வெட்டுவது. குதிரை வைத்த செக்கை மறைக்க முடியாது, ஏனென்றால் குதிரை தாண்டி வரும். ஒரே நகர்த்தலில் இரண்டு காய்கள் சேர்ந்து செக் வைத்தால் மறைப்பதும் வெட்டுவதும் உதவாது. ராஜா நகர்ந்தே ஆக வேண்டும். சொல்லின் அடுத்த கட்டத்தைப் புரிந்துகொள்ள இது முக்கியம்: செக் விழுந்த அந்த நொடியில் உங்கள் திட்டம் எல்லாம் நின்றுபோகிறது.

ராஜாவைத் தாக்கும் சொல் எப்படி ‘சரிபார்’ ஆனது?

மூன்று படிகளில்.

முதல் படி, திடீர்த் தடை. ஆட்டக்காரன் கை நின்றுபோவதுபோல எது சட்டென்று நின்றாலும் செக் என்றார்கள். பருந்து வைத்து வேட்டையாடியவர்களும் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். விரட்டிக்கொண்டிருந்த பறவையை விட்டுவிட்டு வேறொன்றின் பின்னால் பருந்து திரும்பினால் அதுவும் செக்.

இரண்டாம் படி, அடக்கி வைப்பது. கோபத்தை, செலவை, எதிரியை ஓர் அளவுக்கு மேல் போகவிடாமல் பிடித்து வைப்பது.

மூன்றாம் படிதான் சுவாரசியம். ஒருவர் பொறுப்பில் பணமோ சரக்கோ இருக்கிறது. அவர் கைவைக்காமல் தடுக்க என்ன வழி? இன்னொருவர் தனியாக ஒரு கணக்கு எழுதி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீடே தடை. இப்படித் ‘தடுக்கும் ஒப்பீடு’ என்ற இடத்திலிருந்து வெறும் ‘ஒப்பிட்டுப் பார்’ என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிந்தது. நாம் இன்று ‘செக் பண்ணிட்டியா?’ என்று கேட்பது இந்தப் பொருளில்.

இதற்கு ஒரு சாட்சி ‘கன்ட்ரோல்’. அதன் மூலமும் ‘எதிர்ச்சுருள்’, அதாவது சரிபார்க்க வைத்திருந்த இரண்டாம் பதிவேடு. அங்கே இரண்டாம் பதிவேடு என்பதிலிருந்து அடக்குதலுக்குப் போனது. இங்கே அடக்குதலிலிருந்து ஒப்பிடுதலுக்கு வந்தது. எதிரெதிர்த் திசையில் போன இரண்டு சொற்கள்.

அப்படியானால் செக் நட், செக் வால்வு, செக் டேம் எல்லாம் எதைச் சரிபார்க்கின்றன?

எதையும் இல்லை. இவை இரண்டாம் படியிலேயே நின்றுவிட்ட சொற்கள். ‘தடு’ என்பதே இவற்றின் பொருள். செக் டேமைத் தமிழில் தடுப்பணை என்று வைத்தவர் யாரோ சொல்லைச் சரியாகப் படித்திருக்கிறார். ‘சரிபார்ப்பு அணை’ என்று போகாமல் தப்பித்தோம். செக் வால்வு தண்ணீரை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் திரும்பவிடாமல் தடுப்பது.

செக் நட்டைச் சைக்கிளில் பார்த்தால் பொருள் கைக்கே தெரியும். சக்கரத்தின் அச்சில் உள்ளே கோன் இருக்கும், அது பால்ரசுகளை அழுத்தும். கோனைத் தனியாக விட்டால் சக்கரம் சுற்றச் சுற்ற அதுவும் மரையில் நகர்ந்துவிடும். அதனால் வெளியே ஒரு நட்டைப் போட்டு, கோனை மெல்லிய ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நட்டை அதன்மேல் இறுக்குவார்கள். இரண்டும் ஒன்றையொன்று நெருக்கும்போது மரை பிடித்துக்கொண்டு இரண்டுமே நகராது. அந்த வெளி நட்டுதான் செக் நட்.

இதில் வழக்கமாகக் கெடுவது இது: சக்கரத்தை ஆட்டமே இல்லாமல் வைத்துவிட்டுச் செக் நட்டை இறுக்கினால், அந்த இறுக்கத்தில் கோன் இன்னும் கொஞ்சம் உள்ளே போய்விடும். சக்கரம் கரகரவென்று சுற்றும், சில மாதத்தில் கோனில் குழி விழும். இறுக்குவதற்கு முன் மயிரிழை அளவு ஆட்டம் விட்டுவைக்க வேண்டும். இறுக்கியதும் அது சரியாகிவிடும்.

கட்டம் போட்ட துணிக்கு ஏன் செக்?

இது இரண்டாவது வாசல். சதுரங்கப் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்கியே’. அதிலிருந்து ஆங்கில ‘செக்கர்’, அதன் சுருக்கம் துணிக்கான ‘செக்’. பந்தயம் முடியும்போது ஆட்டும் கறுப்பு வெள்ளைக் கொடி, அமெரிக்கர்கள் ‘செக்கர்ஸ்’ என்று சொல்லும் காய் ஆட்டம், எல்லாம் இந்தக் குடும்பம்.

கட்டத்துணியில் ஒரு நுட்பம். சதுரங்கப் பலகையில் இரண்டே நிறம். ஆனால் கிங்கம் எனப்படும் சின்னக் கட்டத் துணியை உற்றுப் பாருங்கள், மூன்று நிறம் தெரியும். பாவிலும் (நீள நூல்) ஊடையிலும் (குறுக்கு நூல்) வெள்ளை, நீலம் என்று சம அகலத்தில் நூல் மாறி வரும். நீலத்தின்மேல் நீலம் விழும் இடம் கருநீலம், வெள்ளைமேல் வெள்ளை விழும் இடம் வெள்ளை, ஒன்றின்மேல் மற்றது விழும் இடம் வெளிர்நீலம். நெசவில் வந்த கட்டமா, மேலே அச்சடித்த கட்டமா என்று கண்டுபிடிக்கத் துணியைத் திருப்பினால் போதும். நெய்த கட்டம் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் இருக்கும்.

நம் நெசவாளர்கள் கட்டத்துக்கு ஆங்கிலத்திடம் கடன் வாங்கத் தேவையிருக்கவில்லை. ‘பாலும் பழமும்’, ‘முத்துக் கட்டம்’ என்று சேலைக் கட்டங்களுக்குப் பெயர் வைத்தவர்கள். ஏற்றுமதியில் உலகம் அறிந்தது ‘மெட்ராஸ் செக்’, சாயம் தோய்த்த பருத்தி நூலில் கைத்தறியில் நெய்த பலவண்ணக் கட்டம். துவைத்தால் ஒரு நிறம் இன்னொன்றில் இறங்கி மங்கும். 1960களில் அமெரிக்காவில் இந்தக் குறையையே பெருமையாக்கி, ‘சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்’ என்று விற்றார்கள். நம் ஊரில் அப்படிச் சொல்லி ஒரு லுங்கி விற்க முடியுமா?

பிரிட்டன் நிதியமைச்சரை ‘எக்ஸ்செக்கர்’ என்ற சொல்லோடு அழைப்பது ஏன்? சதுரங்கத்துக்கும் நிதிக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு மேசை விரிப்புதான் சம்பந்தம். எக்ஸ்செக்கர் என்றால் முதலில் சதுரங்கப் பலகை. 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசருக்கு மாவட்ட அதிகாரிகளான ஷெரிஃபுகள் வரிக்கணக்கு ஒப்படைத்த மேசைக்கு அந்தப் பெயர் வந்தது. அரசரின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களில் இந்த அலுவலகம் நடக்கும் முறையைக் கேள்வி பதிலாகவே எழுதிவைத்திருக்கிறார். மேசை ஏறத்தாழ 10 அடி நீளம், 5 அடி அகலம். காசு உருண்டு விழாதபடி சுற்றிலும் நாலு விரல் உயர விளிம்பு. மேலே கறுப்புத் துணி, அதில் ஓரடியோ ஒரு சாண் அளவோ இடைவெளி விட்டுக் கோடுகள்.

கோடுகளுக்கு நடுவே உள்ள பத்திகள் வலமிருந்து பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம் என்று போகும். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஒரு ஷெரிஃப் 126 பவுண்டு 7 ஷில்லிங் 4 பென்னி கட்ட வேண்டும் என்று வையுங்கள். மேல் வரிசையில் நூறில் 1, இருபதில் 1, பவுண்டில் 6, ஷில்லிங்கில் 7, பென்னியில் 4 வில்லைகள் (எண்ணுவதற்கு வைக்கும் துண்டுகள்), மொத்தம் 19. அவர் கொண்டுவந்தது 124 பவுண்டு 7 ஷில்லிங் 4 பென்னி என்றால் கீழ் வரிசையில் அதற்கான வில்லைகள். மேலும் கீழும் ஒன்றுக்கொன்று எடுத்தால் பவுண்டுப் பத்தியில் 2 வில்லை மிஞ்சும். பாக்கி 2 பவுண்டு. எழுதப் படிக்கத் தெரியாத ஷெரிஃபும் கண்ணால் பார்த்துவிடலாம். ரோம எண்களை வைத்துக்கொண்டு கழித்தல் போடுவது எவ்வளவு தொல்லை என்று முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்தப் பக்கம் பொருளாளர், அந்தப் பக்கம் ஷெரிஃப், நடுவே கட்டம், நகரும் வில்லைகள். பார்ப்பவர்களுக்குச் சதுரங்கம் ஞாபகம் வந்ததில் வியப்பில்லை. விரிப்பு போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. பதவிப் பெயர் மட்டும் நிற்கிறது.

பேங்க் செக்குக்கு அந்தப் பெயர் எப்படி?

பணம் எடுக்கும் சீட்டுக்கு வந்த பெயர் அல்ல இது, அதன் அடிக்கட்டைக்கு வந்த பெயர். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

எக்ஸ்செக்கரில் பணம் கட்டியதற்கு ரசீது ஒரு குச்சி. தொகையைக் குச்சியின் குறுக்கே வெட்டுவார்கள்: ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலம், நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு ஒரு வாற்கோதுமை மணி. பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்கு ஒரு பாதி. தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வெட்டும் மர ரேகையும் பொருந்த வேண்டும். இந்த முறை 1826 வரை இருந்தது. மிஞ்சிய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்ற அடுப்பில் போட்டு எரித்தபோது கட்டிடமே தீப்பிடித்துப் போனது.

காகிதச் சீட்டுகள் வந்தபோதும் தத்துவம் அதுவே. சீட்டில் ஒரு பகுதியை வைத்துக்கொண்டு மறுபகுதியைக் கிழித்துக் கொடுத்தார்கள். போலிச் சீட்டு வராமல் தடுக்கவும் ஒப்பிடவும் வைத்துக்கொண்ட அந்த அடிக்கட்டைக்குத்தான் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘செக்’ என்று பெயர். பின்னர் அடிக்கட்டை உள்ள சீட்டுக்கே அந்தப் பெயர் ஏறியது. அதன்பிறகு அடிக்கட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் செக்தான்.

பணச்சீட்டு ‘செக்’ என்ற பெயருக்கு முந்தியது என்பதற்கு ஆதாரமும் உண்டு. 1659ஆம் ஆண்டு பிப்ரவரி 16 என்று தேதியிட்டு, லண்டனின் கிளேட்டன்–மோரிஸ் என்ற வங்கியாளர்களுக்கு 400 பவுண்டு கொடுக்கச் சொல்லி எழுதிய கைச்சீட்டு இன்றும் இருக்கிறது. இன்றைய செக்கின் வேலை முழுவதையும் அது செய்தது. அப்போது அதற்கு அந்தப் பெயர் இல்லை.

‘செக்’ அரபிச் சொல்லான ‘சக்’கிலிருந்து வந்தது என்கிறார்களே?

பணம் தருவதாக எழுதிக் கொடுக்கும் ‘சக்’ என்ற பத்திரம் அரபு வணிகத்தில் இருந்தது உண்மை. ஒலியும் பொருளும் பொருந்துவதால் கதை பரவிவிட்டது. ஆனால் ஆங்கிலத்தில் அடிக்கட்டை, பிறகு அடிக்கட்டை உள்ள சீட்டு, பிறகு பணச்சீட்டு என்று ஒவ்வொரு படிக்கும் சான்று கிடைக்கிறது. ‘சக்’கிலிருந்து அப்படி ஒரு தொடர்ச்சியைக் காட்ட முடியவில்லை. எங்கள் கணிப்பில் இது தற்செயல் ஒற்றுமை.

ஆங்கிலத்தில் ஏன் இரண்டு எழுத்துக்கூட்டு? எது எங்கே?

சி, எச், இ, சி, கே என்பது பொது. கடைசியில் கியூ, யூ, இ என்று முடிவது பேங்க் செக்குக்கு மட்டும். அதுவும் இந்தியா, இலங்கை, பிரிட்டன் போன்ற இடங்களில். அமெரிக்கர்கள் பேங்க் செக்கையும் சி, கே போட்டே எழுதுவார்கள். கியூ வந்தது எக்ஸ்செக்கரின் சாயலில். 19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் வில்லியம் கில்பார்ட் என்ற வங்கியாளர், மற்ற பொருள்களோடு குழம்பாமல் இருக்கக் கியூ எழுத்தே நல்லது என்று வாதாடினார். நம் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டமும் கியூ எழுத்தையே எடுத்துக்கொண்டது.

கட்டத்திலும் ஒரு வித்தியாசம்: கட்டமிட்ட கொடியைப் பிரிட்டிஷ் வழக்கில் கியூ போட்டும் அமெரிக்க வழக்கில் சி, கே போட்டும் எழுதுவார்கள். சட்டைத்துணி செக்குக்கு எங்குமே கியூ கிடையாது. தேர்வில் அடிக்கடி மதிப்பெண் போவது இங்கே.

இன்றைய செக் தாளில் ‘தடுத்தல், ஒப்பிடுதல்’ எங்கே இருக்கிறது?

தாள் முழுக்க இருக்கிறது. இடது மேல் மூலையில் போடும் இரட்டைக்கோடு, கவுண்டரில் நேராகப் பணமாக மாற்றுவதைத் தடுக்கிறது. கணக்கு வழியாகத்தான் போக முடியும். தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதச் சொல்வது ஒன்றுக்கு ஒன்று சாட்சியாக. இரண்டும் வேறுபட்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி எழுத்தில் உள்ளதே தொகை. ஆனால் நடைமுறையில் பேங்க் பெரும்பாலும் அந்தச் செக்கைத் திருப்பிவிடும், ஆகவே சட்டத்தை நம்பி அலட்சியமாக எழுத வேண்டாம். தேதியிலிருந்து 3 மாதம் தாண்டினால் செல்லாது. கீழ்ப்பட்டையில் காந்த மையில் உள்ள எண்களில் முதல் 6 இலக்கம் செக் எண், அடுத்த 9 இலக்கத்தில் மூன்று மூன்றாக ஊர், வங்கி, கிளை. அந்தப் பட்டையில் கையெழுத்தோ முத்திரையோ படக்கூடாது, பட்டால் இயந்திரம் தடுமாறும்.

அடிக்கட்டையை எழுதாமல் விடுபவர்களே அதிகம். சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் செக்கில் உண்மையான செக் அதுதான்!

‘செக் டிஜிட்’ என்றால்?

ஒரு நீண்ட எண்ணைத் தட்டும்போது பிழை நேர்ந்தால் பிடிக்கச் சேர்க்கும் கடைசி இலக்கம். புத்தகங்களின் 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணில் முதல் 12 இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்ட வேண்டும். உதாரணமாக 978030640615 என்றால் கூட்டுத்தொகை 93. அடுத்த முழுப் பத்து 100. அதற்கு 7 தேவை. ஆகவே கடைசி இலக்கம் 7. ஓர் இலக்கம் தவறினால் கட்டாயம் பிடிபடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடிபடும், அவற்றின் வித்தியாசம் 5 ஆக இருந்தால் மட்டும் தப்பிவிடும். ஆதாரின் 12ஆம் இலக்கமும் இதே வேலைக்குத்தான், கணக்கு முறை மட்டும் வேறு.

மொழிபெயர்க்கும்போது எங்கே தவறுகிறார்கள்?

எல்லா இடத்திலும் ‘சரிபார்’ போடுவதால். ‘அன்செக்ட்’ என்று வரும் சொல்லை ‘சரிபார்க்கப்படாத வளர்ச்சி’ என்று எழுதியதைப் பார்த்திருக்கிறோம். அங்கே வேண்டியது ‘கட்டுக்கடங்காத’. அதே சொல் ஒரு படிவத்தில் வந்தால் ‘டிக் அடிக்காத’. ‘செக்ஸ் அண்ட் பேலன்ஸஸ்’ அரசியல் சட்டத்தில் வருவது: ஓர் அதிகாரத்தை இன்னோர் அதிகாரம் வரம்புமீறாமல் பிடித்துவைப்பது. அதில் சோதனையும் இல்லை, காசோலையும் இல்லை.

அமெரிக்க ஆங்கிலத்தில் பெட்டியைச் ‘செக்’ செய்தேன் என்றால் விமான நிறுவனத்திடம் ஒப்படைத்தேன் என்று பொருள். திறந்து பார்த்தேன் என்று அல்ல. ஓட்டலில் ‘செக்’ கேட்டால் பில். ‘ரெயின் செக்’ என்பது மழையால் நின்றுபோன பேஸ்பால் ஆட்டத்துக்கு, வேறொரு நாள் வரக் கொடுத்த டிக்கெட் துண்டு, 1880களின் வழக்கம். இன்று யாராவது அதைச் சொன்னால் ‘இன்னொரு நாள் பார்ப்போம்’ என்று நாசூக்காகக் கழற்றிக்கொள்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘செக்கர்ட்’ வாழ்க்கை என்றால் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வந்தது. ‘மேடு பள்ளமான வாழ்க்கை’ சரியாகப் பொருந்தும்.

செக்லிஸ்டில் இருப்பது எந்தச் செக்?

தடுத்தலும் ஒப்பிடுதலும் சேர்ந்தது. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்ட் விமானத் தளத்தில் போயிங்கின் நான்கு எஞ்சின் சோதனை விமானம், மாடல் 299, கிளம்பியவுடன் விழுந்து இருவர் இறந்தனர். காரணம் எஞ்சின் கோளாறு அல்ல. நிறுத்தி வைக்கும்போது காற்றில் ஆடாமல் வால்பகுதியைப் பூட்டும் பூட்டைத் திறக்கவில்லை. கை ஞாபகத்தை நம்பக்கூடாது என்று, கிளம்பும் முன்னும் இறங்கும் முன்னும் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லும் பட்டியல் அதன்பிறகு விமானிகளுக்கு வழக்கமானது. நல்ல செக்லிஸ்ட் நீளமாக இருக்காது. எது மறந்தால் ஆபத்தோ அது மட்டும் இருக்கும், அது முடியாமல் அடுத்த வேலைக்குப் போகவிடாது.

‘காசோலை’ யார் வைத்த பெயர் என்பதை விடுங்கள். அது சரியான பெயரா?

எங்களுக்குப் பிடித்த பெயர். காசு, ஓலை. எழுதிக் கொடுத்த கட்டளை என்ற கருத்து ‘ஓலை’யில் வந்துவிடுகிறது. இன்னொரு வேடிக்கை: பழைய ஆங்கில ஆவணங்களில் தென்னிந்தியச் சில்லறை நாணயத்தை ‘கேஷ்’ என்று எழுதியிருப்பார்கள். அது நம் ‘காசு’, போர்ச்சுகீசியர் வாய்வழி போனது. ரொக்கம் என்ற பொருளில் வரும் ‘கேஷ்’ வேறு. அது பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொல். இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே உருவத்தில் நிற்கின்றன.

செக் குடியரசு, எண்ணெய்ச் செக்கு?

நாட்டின் பெயர் அந்த மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் ‘செஹ்’ என்பதிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் சி, இசட் போட்டு எழுதுவது போலந்து வழி எழுத்துமுறை. செக்கு தமிழ்ச் சொல். பேச்சில் பேங்க் செக்குக்கும் கடைசியில் ஓர் உகரம் ஒட்டி, ‘செக்கு மாத்தியாச்சா?’ என்றுதான் கேட்கிறோம். மாட்டை ஓட்டி ஆட்டுவதா, கவுண்டரில் கொடுத்து மாற்றுவதா என்பது பின்னால் வரும் வினையில்தான் தெரியும். செக்கென்றும் சிவலிங்கமென்றும் தெரியாதவரைக் கேலி செய்யும் பழமொழிக்கு இந்த இரண்டாவது செக்கு வந்த பிறகு வேலை கொஞ்சம் கூடிவிட்டது.